பின்களத்தில் நின்றவரின் கதையை எங்கள் பிள்ளைகளிடம் சேர்ப்பித்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கல்லடிக் கடற்கரையை அண்டிய பெண் பிள்ளைகள் 18 பேரைச் சேர்த்து மாலை வேளைகளில் உதைபந்தாட்டம் பழக்கத் தொடங்கியபோது, வந்த அத்தனை பேரும் கோல் அடிக்கவே ஆசைப்பட்டார்கள். பின்களத்தில் நிற்கும்படி யாரைச் சொன்னாலும், ஆடத் தெரியாத காரணத்தால் தன்னை ஒதுக்கிவிட்டதாகவே அந்தப் பிள்ளை எண்ணி முகம் வாடியது. அந்த எண்ணத்தை என் சொல்லால் மாற்ற முடியவில்லை. ஆகவே, ஐக்கிய அமெரிக்க அணியின் முன்னாள் பின்கள வீராங்கனை கிறிஸ்டி ரம்போனின் விளையாட்டு வாழ்க்கையைப் படங்களோடு தமிழில் சொல்லும் ஒரு மாலை நிகழ்வைக் கடற்கரையிலேயே ஒழுங்கு செய்தோம். அது நடந்தேறக் கைகொடுத்தவர்களுக்குத் தனித்தனியே வாயால் நன்றி சொல்லியிருந்தாலும், அவர்கள் செய்தது இன்னதென்று ஊரும் அறிய வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, எங்கள் வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியைக்கு. ரம்போனைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த கட்டுரைகளை வாசித்துத் தமிழில் எழுதித் தந்தவர் அவரே. பிறந்த ஆண்டு, ஊர், படித்த இடம் என்று வரிசையாகத் தொடங்க நான் நினைத்திருந்தேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளில் 79 என்றும் அதன் கீழ் 4 என்றும் பெரிதாக எழுதி, இதிலிருந்து தொடங்குங்கள் பிள்ளை என்றார். நியூ ஜெர்சியிலுள்ள மொன்மத் பல்கலைக்கழகத்தில் முன்கள வீராங்கனையாக ஆடி ரம்போன் அடித்த கோல்கள் 79. 1997இல் தேசிய அணிக்குள் வந்து, பின்களத்துக்கு மாற்றப்பட்டு, 311 சர்வதேச ஆட்டங்களில் ஆடி அவர் அடித்த கோல்கள் வெறும் 4. அந்த இரண்டு எண்களையும் திரையில் கண்டதும் பிள்ளைகளிடையே எழுந்த சலசலப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. கோல் அடிக்கத் தெரியாததனால் அவர் பின்னுக்குப் போகவில்லை என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடிய அண்ணன் ஒருவர், ஒரு பின்கள வீராங்கனை என்னதான் செய்கிறார் என்பதை மணலிலேயே நின்று காட்டினார். பந்தோடு வருபவரை நேருக்கு நேர் நின்று மறிக்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி, முழங்காலை மடித்து, அவசரப்பட்டுக் காலை நீட்டாமல், ஒவ்வோர் எட்டாகப் பின்வாங்கியபடியே அவரைக் கோலின் பக்கமிருந்து ஓரக்கோட்டின் பக்கம் தள்ளிக்கொண்டு போகும் அந்த வித்தையை அவர் மூன்று முறை செய்து காட்டியபோது, எதிரே பந்தோடு ஓடிய எங்கள் கெட்டிக்காரப் பிள்ளை மூன்று முறையும் ஓரக்கோட்டிலேயே போய் முடிந்தாள். அவர் பழகியது வெபர் மைதானத்தில். அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து மட்டக்களப்புப் பிள்ளைகளின் விளையாட்டுக்காகவே வாழ்ந்த வெபர் அடிகளாரை அன்று அவர் நினைவுகூர்ந்தது எனக்கு மனநிறைவாக இருந்தது.

கோல் கம்பத்துக்கு வலை வாங்க எங்களிடம் பணம் இருக்கவில்லை. கரைவலைச் சம்மாட்டியார் கழித்துப்போட்ட வலைத் துண்டுகளைத் தந்தார். அவரிடம் வேலை செய்யும் முதியவர் இரண்டு நாள் தென்னையடியில் குந்தியிருந்து, கிழிசல்களைப் பொத்தி, துண்டுகளைப் பொருத்தி ஒரே வலையாக்கினார். கூலி கேட்கவில்லை, கொடுத்தபோதும் வாங்கவில்லை. வலைக்கு நடுவில் பச்சை நூலால் பொத்திய இடம் இப்போதும் தெரிகிறது.

தாய்மாருக்கு நான் சொல்லும் நன்றி இவை எல்லாவற்றிலும் பெரிது. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் மைதானத்தை விட்டுவிட வேண்டும் என்ற பேச்சு எங்கள் ஊரில் இன்னமும் இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். 2005இல் மூத்த மகளையும் 2010இல் இளைய மகளையும் பெற்றவர் ரம்போன். இடையே 2008இலும், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 2012இலும், அணித் தலைவியாக நின்று ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2009இல் தன் கழக அணிக்குத் தற்காலிகப் பயிற்றுவிப்பாளராகவும் வீராங்கனையாகவும் ஒருங்கே இருந்து சம்பியன் பட்டம் பெற்றுக்கொடுத்த வேளையில் அவர் கர்ப்பிணி. இதை நான் வாசித்தபோது, பின்னால் பாயில் இருந்த தாய்மார் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மறுவாரம் அவர்களுள் நால்வர் தாமாகவே கூடி, பிள்ளைகளின் ரியூசன் நேரத்தை மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் போய்க் கேட்டு வந்தார்கள். நான் அவர்களைக் கேட்கவே இல்லை.

படங்களைப் பெரிதாக அச்சிட்டுத் தந்து காகிதத்துக்கு மட்டும் காசு வாங்கிய கடைத் தம்பிக்கும், மின்சாரம் இழுக்க இடம் தந்த வீட்டாருக்கும், இரவில் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விட்ட முச்சக்கர வண்டிக்கார அண்ணாமாருக்கும் எங்கள் நன்றி.

கடைசிப் படம் 2015ஆம் ஆண்டு வன்கூவரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டம். 1999இல் கிண்ணம் வென்ற அணியிலிருந்து எஞ்சியிருந்த ஒரேயொருவராக, 40 வயதில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் ரம்போன் களமிறங்கினார். ஐக்கிய அமெரிக்கா 5–2 என்று ஜப்பானை வென்றது. அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை காட்டச் சொன்னவள், பின்களம் என்றாலே அழுதுகொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை. அடுத்த பயிற்சியில் எல்லோருக்கும் முன்பே வந்து, பச்சை நூல் தெரியும் அந்த வலைக்கு முன்னால், கோல் காப்பாளருக்குப் பத்தடி தள்ளித் தானாகவே போய் நின்றாள்.

திரைக்குத் தந்த வெள்ளைச் சீலையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை அதைத் தந்தவரின் வீட்டுக்கே கொண்டுவந்து தருவேன்.

என்றும் நன்றியுடன்,
பிள்ளைகளின் பயிற்றுவிப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.