டப்பாவுக்குள் மிட்டாய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு 'மிட்டாய்ப் புதையல் வேட்டை' நடத்தலாம் என்று தங்கள் சிறுவர் பக்கத்தில் குறிப்பு வந்திருந்தது. ஒளித்து வைத்த டப்பாவைக் கைப்பேசியின் ஜிபிஎஸ் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டோடு, மிட்டாயின் சேர்மானங்களைப் பற்றிய புதிர்களையும், அவற்றின் விடைகளே டப்பா இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணாக அமையும்படி கோத்தது நல்ல யோசனை. ஆனால் அதில் எழுதியபடியே செய்தால், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வேட்டை முதல் நாளே படுத்துவிடும்.

கண்டுபிடிப்பவருக்குப் பரிசாக டப்பாவில் மிட்டாயைப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தீர்கள். அது கூடாது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எறும்புக்கு வழி கிடைக்கும். வாசனை பிடித்த எலியும் அணிலும் பிளாஸ்டிக்கையே கடித்துத் துளை போடும். துளை விழுந்த டப்பாவில், கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு ஒரு மழைக்குப் பிறகு கூழாகிவிடும். ஜியோகேச்சிங் விதிகளே உணவுப் பொருளுக்குத் தடை போடுகின்றன. (வேடிக்கை என்னவென்றால், 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வைத்த முதல் ஜியோகேச்சில் பீன்ஸ் அடைத்த டின் ஒன்றும் இருந்தது!) டப்பாவில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், கழுவிக் காயவைத்த மிட்டாய்த் தாள் நாலைந்து, இவை போதும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஊறிவிடும். மிட்டாயைத் திரும்பி வந்ததும் கையில் கொடுங்கள்.

அடுத்து புதிர். 'கடலை மிட்டாயில் எத்தனை பொருள்கள்?' என்று மாதிரிக் கேள்வி கொடுத்திருந்தீர்கள். ஒருவர் கடலை, வெல்லம் என்று இரண்டு சொல்வார். இன்னொருவர் வாங்கிய பாக்கெட்டில் குளுக்கோஸ் திரவம், ஏலக்காய் என்று நான்கு இருக்கும். இரண்டுமே சரி. ஆனால் டப்பா இருப்பது ஓர் இடத்தில்தான். கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு மாறும் எதையும் எண்ணாக்கக் கூடாது. திருவையாற்று அசோகா அல்வாவில் நெய் எத்தனை கரண்டி என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும்; அதற்கு முக்கியமான பருப்பு எது என்று கேட்டால் எல்லாரும் பாசிப்பருப்பு என்பார்கள்.

மாறாத எண்கள் மிட்டாய்த் தாளிலேயே இருக்கின்றன. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கு உலகம் முழுக்க ஒரே எண் வரிசை உண்டு. நம் பாக்கெட்டுகளில் ஐ.என்.எஸ். என்று போட்டிருக்கும். போர்க்கப்பல் அல்ல, சேர்க்கைப் பொருள் எண். புளிப்பு மிட்டாயின் சிட்ரிக் அமிலம் 330. மஞ்சள் நிறம் தரும் டார்ட்ரசின் 102, ஆரஞ்சு நிறத்துக்கான சன்செட் யெல்லோ 110, நீலத்துக்கான பிரில்லியன்ட் ப்ளூ 133. சாக்லேட்டில் லெசித்தின் 322. உருண்டை மிட்டாய்களின் மேல்பளபளப்புக்குப் பூசும் அரக்கு 904. பஞ்சு மிட்டாயில் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழகத்திலும் தடைக்குக் காரணமான ரோடமின்-பி துணிச்சாயம். அதற்கு இந்த வரிசையில் எண்ணே கிடையாது. விடை பூஜ்யமாக வேண்டிய இடத்தில் அதைக் கேள்வியாக வைக்கலாம், பிள்ளைகளுக்கு மறக்கவும் மறக்காது.

சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆகவே 'இந்தத் தாளில் மூன்றாவதாக வருவது எது?' என்றும் கேட்கலாம். ஆனால் ஒற்றை மிட்டாயின் தாளை நம்பாதீர்கள். 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறிய உறைகளுக்குச் சேர்மானப் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. பட்டியல் பெரிய பாக்கெட்டில்தான் இருக்கும். நிறுவனம் சேர்மானத்தை மாற்றினால் உங்கள் விடையும் மாறிவிடும். எனவே எந்தத் தாளைப் பார்த்துக் கேட்கிறீர்களோ அதன் படத்தைப் புதிரோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

எழுத்தை எண்ணிப் போடும் புதிரில் தமிழுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. 'வெல்லம்' நான்கெழுத்து, 'பாசிப்பருப்பு' ஏழெழுத்து. புள்ளி வைத்த மெய்யையும் ஓர் எழுத்தாகத்தான் எண்ண வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணினியில் போட்டு எண்ணினால் பாசிப்பருப்பு 13 என்று காட்டும், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுவதால். 'கமர்கட்' என்பதா, 'கமர்கட்டு' என்பதா? ஓரெழுத்து கூடினால் டப்பா இடம் மாறிவிடும். சர்க்கரை என்ற சொல்லையும் தவிர்ப்பது நல்லது. தஞ்சாவூர்ப் பக்கம் வெள்ளையாக இருப்பது ஜீனி, சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரையை நினைப்பவர்களும் உண்டு.

இனி ஒரு மாதிரி. கும்பகோணத்தில் வடக்கு எண் (அட்சரேகை) 10° 57.கசட என்று வைத்துக்கொள்வோம். க என்பது லெசித்தின் எண்ணின் கடைசி இலக்கம், 2. ச அரக்கின் முதல் இலக்கம், 9. ட பிரில்லியன்ட் ப்ளூவின் நடு இலக்கம், 3. ஆக 10° 57.293. (அங்கே டப்பா எதுவும் இல்லை, யாரும் போய்த் தேட வேண்டாம்.) இதில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் ஏறத்தாழ 1.85 மீட்டர்தான் தவறும். நடு இலக்கம் பிசகினால் 18.5 மீட்டர், முதல் இலக்கம் என்றால் 185 மீட்டர், அதாவது வேறு தெரு. மிகத் தெளிவான கேள்வியை முதல் இலக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

விடை சரியா என்று சரிபார்க்க இலக்கங்களின் கூட்டுத்தொகை 14 என்று மட்டும் சொன்னால் போதாது. 293-க்குப் பதில் 392 என்று மாற்றிப் போட்டாலும் 14தான் வரும். முதல் இலக்கத்தை 1-ஆலும், இரண்டாவதை 2-ஆலும், மூன்றாவதை 3-ஆலும் பெருக்கிக் கூட்டச் சொல்லுங்கள்: 2 + 18 + 9 = 29. 392 என்றால் 27 வரும், பிடிபட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது எண்ணை எழுதும் முறை. ஜியோகேச்சிங்கில் பாகையும் (டிகிரி) கலையும் (நிமிடம்; 60 கலை ஒரு பாகை). வரைபடச் செயலிகளில் பெரும்பாலும் பாகையின் தசமம். 10° 57.293 என்பதைத் தசமத்தில் எழுத 57.293-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: 10.95488. இதை அறியாமல் 10.57293 என்றே தட்டினால் புள்ளி சுமார் 42 கி.மீ. தெற்கே ஓடிவிடும். கிழக்கு எண் 79° 23 சொச்சத்தையும் 79.23 என்று போட்டுவிட்டால், கும்பகோணத்தில் தேட வேண்டிய பிள்ளை ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஏதோ ஒரு வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும்! தங்கள் குறிப்பில் இந்த வேறுபாடு பற்றி ஒரு வரிகூட இல்லை.

டப்பா வைக்கும் இடத்தில் ஒரே தடவை எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. திறந்த வெளியில் கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் காட்டும். தென்னந்தோப்பிலும் புளியமரத்தடியிலும் பத்து மீட்டர், அதற்கு மேலும் அலையும். காலை, மாலை, இன்னொரு நாள் என்று மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். பிறகு இடம் தெரியாத ஒருவரிடம் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி என்பது ஜியோகேச்சிங் விதி. புதிர் வகை என்றால், வரைபடத்தில் அடையாளத்துக்காக அறிவித்த புள்ளியிலிருந்து உண்மையான டப்பா ஏறத்தாழ 3 கி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

டெல்டாவில் இடம் பார்ப்பதே ஒரு கலை. மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் வாய்க்காலின் மதகு இடுக்கு அருமையான மறைவிடமாகத் தோன்றும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து சேர்ந்தால் டப்பா கடலுக்குப் போகும். வரப்பில் வைத்தால் நடவு சமயத்தில் யாருடைய நாற்றையாவது மிதிக்க நேரும், வளைக்குள் கைவிட்டால் விரியன் இருக்கும். கோயில்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களும் வேண்டவே வேண்டாம். மகாமகக் குளத்தின் 16 மண்டபங்களைக் கேள்வியாக வைக்கலாம், டப்பாவை அங்கே வைக்கக் கூடாது. ரயில் பாதை, பாலத்தடி, மின்மாற்றிப் பக்கமும் அப்படித்தான். ஊராட்சியிடமோ நிலத்துக்காரரிடமோ சொல்லிவிட்டு, கறுப்பு டேப் சுற்றாத, உள்ளே இருப்பது தெரியும் டப்பாவையே வையுங்கள். நான்கு பக்கமும் கிளிப்பும், மூடியில் ரப்பர் வளையமும் இருக்கட்டும். மேலே 'விளையாட்டுக்கான பெட்டி, ஆபத்து எதுவுமில்லை' என்று தமிழில் எழுதி, தொடர்பு எண்ணையும் போடுங்கள். கேட்பாரற்ற டப்பாவைப் பார்த்தால் காவல்துறைக்குத்தான் தகவல் போகும்.

பள்ளி திறப்பதற்குள் இத்திருத்தங்களைச் சிறுவர் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். அந்தக் குறிப்பைப் படித்து யாராவது ஏற்கெனவே மதகில் டப்பா வைத்திருந்தால், தண்ணீர் வருவதற்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்