சரோஜாவுக்காக அழுத அம்மா

அக்கா,

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாய். சரி. காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை, உன் புகுந்த வீட்டு ஆட்களும் படிப்பார்கள். நீ வாழ்க்கைப்பட்ட ஊரின் பெயரும் வேண்டாம், மலைக்குக் 'கீழே' என்றே இருக்கட்டும்.

எனக்கு 2020 ஊரடங்குதான் ஞாபகம் வருகிறது. ஷூட்டிங் நின்றுபோய் சன் டிவியில் மெட்டி ஒலி சீரியலை மறுபடி போட்டார்களே, அப்போது. கோத்தகிரியில் நல்ல மழை. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, ஈர ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். 2002லிருந்து 2005 வரை ஓடியபோதே பார்த்த கதைதான். மாமியார் ராஜம் மருமகள் சரோஜாவை என்ன சொல்லித் திட்டுவாள் என்று அம்மாவுக்கு முன்னமே தெரியும். இருந்தும் அழுகை. "வாயைத் திறந்து பேசேன்டி!" என்று சரோஜாவை அதட்டினார். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே உன்னிடம் சொன்னது, "அனுசரிச்சுப் போம்மா."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வாங்கிப் பேசியிருக்கலாம். ஆனால் இ-பாஸ் இல்லாமல் மலையேறவே முடியாத நேரம் அது, வா என்று எப்படிச் சொல்வது? இப்படித்தான் இத்தனை நாளாய் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ மட்டும் என்ன? "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டாய். சரோஜாவேதான். எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?

இயக்குநர் திருமுருகன் அந்தத் தொடரில் பெரிதாக எதையும் காட்டவில்லை. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரம், அவர்கள் போய்ச் சேரும் வீடுகள், அவ்வளவுதான். ஆனால் மாமியாரின் ஒரு சொல் அடுக்களையில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 1930களில், பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சாமான் விற்பதற்காகச் சோப்பு கம்பெனிகள் காசு போட்டு ரேடியோவில் நடத்திய கதைகளின் வழியில் வந்ததுதான் இதெல்லாம். அதில் 1937ல் தொடங்கிய 'கைடிங் லைட்' டிவிக்கு மாறி 2009 வரை ஓடியது. 72 வருஷம்! அடுத்தவள் கஷ்டத்துக்கு அழ எந்த ஊரிலும் ஆள் குறைவில்லை போல. அந்த அழுகைக்குச் செலவு கிடையாது. சரோஜா மூட்டையைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து நிற்கப் போவதில்லை, பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே வந்து சொல். சீரியல் ஓடும் நேரமானாலும் பரவாயில்லை, டிவியை நான் அணைக்கிறேன். முன் அறையைக் காலி செய்துவிட்டேன். கம்பளி மட்டும் எடுத்து வா, இங்கே இருப்பது ஒன்றுதான்.