தோட்டச் சங்கம், ஸ்னோடிராப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஜூலை முதல் இந்த ஜூன் வரையான அறிக்கை இது. ஆண்டை ஏன் ஜனவரியில் தொடங்குவதில்லை என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார். ஸ்னோடிராப் என்பது கிழங்கிலிருந்து முளைத்து, இங்கிலாந்துக் குளிரில் தலைகுனிந்து பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. அதனால் ஜனவரியில் எங்களுக்கு நிலத்தைக் குனிந்து பார்க்கவே நேரம் போதாது. மே மாதத்தில் இலை பழுத்துச் சாய்ந்து, கிழங்கு உறங்கப் போன பிறகுதான் கணக்கெழுத முடியும்.

வழமைபோல ஐந்து கூட்டங்கள் நடந்தன. பெப்ரவரிக் கூட்டத்துக்குக் கதிரை போதவில்லை, செப்டெம்பர்க் கூட்டத்துக்கு ஆட்கள் போதவில்லை. செப்டெம்பரில் வராதவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த ரெஜினே-ஒல்கே என்ற ஸ்னோடிராப் இனம் இலையுதிர்காலத்திலேயே பூக்கும் என்று சொல்லி, அதை நடும் முறையை அன்றுதான் காட்டினோம். பிறகு ஒக்டோபர் முடிவில் என் சாடியில் அது பூத்தபோது, "இப்போது எப்படி?" என்று தொலைபேசியில் கேட்டவர்களெல்லாம் அன்று வராதவர்களே.

பெயர் பற்றிய பிரேரணை ஒன்று வந்தது. ஸ்னோடிராப்பை இனிப் 'பனித்துளி' என்று எழுதவேண்டும் என்பது. பனித்துளி என்றால் புல்நுனியில் நிற்கும் நீர், அதைப் பூவுக்கு வைத்தால் குழப்பம் என்று நான் எதிர்த்தேன். ஆங்கிலப் பெயரில் உள்ள 'டிராப்' துளியே அல்ல, அந்தக் காலத்துப் பெண்கள் காதில் அணிந்த தொங்கலைக் குறித்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அப்படியானால் தொங்கட்டான் என்று சொல்லுங்களேன் என்றார் பொருளாளர். பிரேரணை தோற்றது. ஆனால் தொங்கட்டான் சிலருடைய வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜனவரியில் இனங்காணும் வகுப்பு நடத்தினோம். பூவின் பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லப்போய் ஏமாந்தவர்கள் நம்மில் பலர். முளை நிலத்தை விட்டு வெளிவரும் இடத்தில் இரண்டு இலைகளும் எப்படி நிற்கின்றன என்று முதலில் பாருங்கள். கும்பிட்ட கைபோலத் தட்டையாக ஒட்டி நின்றால் நிவாலிஸ் என்ற சாதாரண இனம். வெற்றிலைச் சுருள்போல ஒன்றை மற்றது சுற்றிக்கொண்டு நின்றால் எல்வெசியை. பாவாடைக் கரையை மடித்துத் தைத்ததுபோல இலையோரம் பின்பக்கமாக மடிந்திருந்தால் ப்ளிகேட்டஸ். கலப்பினங்கள் இந்த மூன்றுக்கும் இடையில் நின்று நம்மைச் சோதிக்கும். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு விபத்தையும் பதிவு செய்யவேண்டும். பரிமாற்ற நாளில் வாங்கிய கிழங்குகளை ஓர் அங்கத்தவர் பழுப்புக் காகிதப் பையோடு குசினி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அவருடைய மாமியார், "வெங்காயம் சின்னனாய் இருக்கு, மணமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே நாலைந்தை உரித்து வைத்திருந்தார். சட்டிக்குள் போகமுதல் பிடித்துவிட்டார்கள். ஸ்னோடிராப் கிழங்கு நஞ்சு. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். ஊரில் வேலியோரம் நிற்கும் விஷமூங்கில் என்ற பூச்செடியும் இதே குடும்பம்தான். இதே கிழங்கில் உள்ள கலந்தமைன் என்ற பொருள்தான் மறதிநோய்க்கு மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. அதற்காக யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்கவேண்டாம். உரிக்கப்பட்டவற்றில் இரண்டு 'மேக்னட்' என்ற பெயர்பெற்ற வகை என்பது உரியவரின் தனிப்பட்ட துயரம்.

பெப்ரவரிச் சுற்றுலா குளொஸ்டர்ஷயரில் உள்ள கோல்ஸ்போர்ன் பார்க்குக்கு. 1874இல் துருக்கியில் இன்றைய இஸ்மிருக்கு அருகில் உள்ள மலையில் ஹென்றி ஜோன் எல்வெஸ் கண்டெடுத்த இனத்துக்குத்தான் அவர் பெயரால் எல்வெசியை என்று பெயர். அவருடைய தோட்டம் இது. நாங்கள் போய் இறங்கியபோது கடுங்குளிர். பூக்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து நின்றன. மினிபஸ் வாடகையை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. பதினொன்றரைக்கு வெயில் விழுந்தது. வெப்பம் பத்துப் பாகையைத் தொட்டால் வெளியிதழ் மூன்றும் விரியும் என்று நான் வருடாவருடம் சொல்வதுதான், ஆனால் ஒரு சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் விரிவதை நானும் அன்றுதான் கண்டேன். 'எஸ். ஆர்னட்' என்ற வகையின் பூக்கூட்டத்துக்குப் பக்கத்தில் தேன் மணம். அதைச் சரியாக முகர்வதற்காக நம் உபதலைவர் பாதையோரத்தில் சாஷ்டாங்கமாக விழுந்தார். அவ்வழியே வந்த ஒரு பெண்மணி உதவிக்கு ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் தானும் முழங்காலில் இருந்துகொண்டார்.

அந்த 'எஸ். ஆர்னட்', ஸ்கொட்லாந்தின் டம்ஃப்ரிஸ் பக்கத்தில் வாழ்ந்த சாமுவேல் ஆர்னட் எல்வெசுக்கு அனுப்பிக் கொடுத்தது. கொடுத்தவர் பெயரே பூவின் பெயராக நின்றுவிட்டது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை, கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால். 2012இல் 'எலிசபெத் ஹாரிசன்' என்ற ஒற்றைக் கிழங்கு இணைய ஏலத்தில் 725 பவுணுக்குப் போனது. 2015இல் 'கோல்டன் ஃபிளீஸ்' 1,390 பவுண். 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண். மூன்றிலும் வழக்கமான பச்சைக்குப் பதில் இருப்பது மஞ்சள். இந்தக் காசு கொடுப்பவர்களைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன், ஏனென்றால் நானும் இவ்வாண்டு அறுபது பவுண் கொடுத்து இணையத்தில் ஒரு 'மஞ்சள்' வாங்கினேன். பூத்தது தேவாலயத் திடலில் இலவசமாகக் கிடக்கும் சாதாரண நிவாலிஸ். விற்றவரிடம் கேட்டதற்கு, அடுத்த வருடம் மஞ்சளாகும் என்று பதில் வந்தது. ஆனால் 1974இல் கேம்பிரிட்ஜுக்கு அருகில் வோண்டல்பரியில் கண்டெடுத்த மஞ்சள் வகையான 'வெண்டிஸ் கோல்ட்' இன்று ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கிறது. பிரித்துப் பிரித்துப் பலர் கைக்குப் போனதால் வந்த மலிவு அது.

என்னிடம் இருந்த 'வெண்டிஸ் கோல்ட்' இவ்வாண்டு போய்விட்டது. ஜனவரி கடைசியில் முளை வந்தபோதே சாம்பல் நிறப் பஞ்சு படிந்திருந்தது. பூஞ்சணம். பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். உங்களுக்கும் அதுவே என் ஆலோசனை: மருந்தடித்துப் பார்க்கலாம் என்று நிற்கவேண்டாம், பக்கத்துச் செடிக் கூட்டத்துக்கும் பரவிவிடும். உரக்கும்பியிலும் போடவேண்டாம்.

மறைந்த நம் முன்னாள் தலைவரின் வீடு இவ்வாண்டு விலைப்பட்டது. வாங்குகிறவர்கள் பின்வளவில் கொங்கிரீட் போடப்போகிறார்கள் என்று தெரிந்து, பிள்ளைகளின் அனுமதியோடு மார்ச் நடுப்பகுதியில் ஏழு பேர் போனோம். பூ முடிகிற நேரம், இலை இன்னும் பச்சை. அப்படியே இலையோடு கிளப்பி அன்றே நட்டால் பிழைத்துவிடும். மழை விடவில்லை. தோட்ட முட்கரண்டியைத் தள்ளி இறக்கி, மண்ணோடு கிளப்பி, ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றினோம்.

எங்களைத் தடுமாற வைத்தது அவருடைய பெயர்த்துண்டுகள். யோகட் டப்பாவை வெட்டிப் பென்சிலால் எழுதியவை. மார்க்கர் எழுத்து இரண்டு கோடையில் வெளிறிவிடும், பென்சில் நிற்கும் என்பது அவர் எல்லோருக்கும் சொன்ன பாடம். எழுத்து நன்றாகத்தான் நின்றது. ஆனால் ஒன்றில்கூட இனத்தின் பெயர் இல்லை. 'தபால்காரர் தந்தது.' 'பக்கத்து வீட்டு அம்மா, போவதற்கு முதல் கிழமை.' 'மூத்தவள் கலியாண வருஷம்.' 'மழைக்குள் கொண்டுவந்தார்கள்.' சேகரிப்பாளர் என்ற முறையில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட செடிக் கூட்டங்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. வேலியோரக் கடைசித் துண்டில் இப்படி இருந்தது: 'செயலாளரிடம் வாங்கியது. கேட்டால் கொடுக்க.' அதற்குப் பின்னால் ஐந்து தண்டுகள். இதழ் உதிரத் தொடங்கியிருந்தது, ஆனால் தண்டின் நுனியில் பூவுக்கு மேலே இருக்கும் குமிழ் பச்சையாக இல்லை, மஞ்சள். எப்போது கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த ஐந்தில் இரண்டு என்னிடம். மூன்று வெவ்வேறு வீடுகளில்.

துருக்கிக்கு விடுமுறை போகும் இருவரும், ரொறன்ரோவில் உள்ள தங்கைக்குக் கிழங்கு கொண்டுபோக விரும்பும் ஒருவரும் கவனிக்கவும்: ஸ்னோடிராப் இனங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. காலுறைக்குள் ஒளித்தாலும் அதே சட்டம்தான். நுவரெலியாவில் நட்டால் வருமா என்று கேட்டவருக்கு: அந்தக் குளிர் போதாது.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். மினிபஸ் தவிர ஆச்சரியம் எதுவும் இல்லை.

இனிப் பரிமாறும் ஒவ்வொரு கிழங்கின் துண்டிலும் முன்பக்கம் இனத்தின் பெயர், பின்பக்கம் கொடுத்தவர் பெயர் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. பென்சிலில். அடுத்த நிகழ்ச்சி, கிழங்கை நறுக்கிப் பெருக்கும் பயிற்சி. ஒரு கிழங்கை, வேர்விடும் அடித்தட்டில் கொஞ்சம் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருக்கும்படி எட்டாக வெட்டி, பூஞ்சணக் கொல்லியில் நனைத்து, வெர்மிகுலைட் என்ற ஈரக் கனிமத் துகளோடு பையில் கட்டி, பன்னிரண்டு கிழமை இருட்டில் வைப்போம். பூவுக்கு மூன்று நாலு வருடம் பொறுக்கவேண்டும். கூர்மையான கத்தி, கையுறை, உறங்கும் கிழங்கு இரண்டு கொண்டுவாருங்கள். பையில் 'நஞ்சு' என்று பெரிதாக எழுதுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் கார் டிக்கிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

செயலாளர்