டிக்கெட்டைக் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புள்ள அக்கா, ஆட்டோ அண்ணன், டீச்சர் அம்மா, சார், போட்டோ எடுத்த தம்பி, வேப்பேரியில் தரையில் உட்கார்ந்து ரத்தம் எடுத்த அந்தப் பெண், கடைசியாக நம் சிஸ்டர்,

பெயர் போடக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெயரும் நம்பரும் வெளியே போனால் மறுநாள் காலை கேட் வாசலில் அட்டைப்பெட்டிக்குள் நாலு நாய்க்குட்டி இருக்கும் என்று டீச்சர் அம்மா சொன்னபோது நான் சிரித்தேன். ஏற்கெனவே இரண்டு முறை அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சார் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதனால் பெயர் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை.

அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டதே தவிர ஸ்டேஷன் விடவில்லை. சாயங்காலமானால் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் பக்கமெல்லாம் மூழ்கிக் கிடந்த நாட்களில், படிக்கட்டில் ஒதுங்கியிருந்த ஜனங்களின் கால்களுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்த கறுப்பு நாய்க்குட்டி ஒன்று அவர் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது. "டிக்கெட் வாங்காம வந்தவ" என்று சொல்லி டிக்கெட் என்றே பெயர் வைத்தார். அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தாள். அதன் பிறகு ஒன்பது வருஷம் அந்த வாடகை வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

போன பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். நான் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது டிக்கெட் ஐஸ் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தாள். யார் விரட்டியும் நகரவில்லை. எல்லாம் முடிந்து பெட்டியைத் திருப்பி அனுப்பிய பிறகும், அது நின்ற இடத்தில் சொட்டியிருந்த ஈரத்தின் மேல் வந்து படுத்துக்கொண்டாள்.

எனக்கு இருபத்தைந்து நாள் லீவு. அதற்குள் காரியம் முடித்து, சாமான் ஒழித்து, வீட்டுச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். மஸ்கட்டில் கம்பெனி கொடுத்த அறையில் நாலு பேர் இருக்கிறோம். தங்கை திருச்சியில் கூட்டுக் குடும்பம். இரண்டு முறை வீட்டில் கேட்டுப் பார்த்து, இரண்டு முறையும் அழுதுகொண்டே எனக்கு போன் செய்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "தெரு நாய்தானே, கேட்டைத் திறந்து விட்டுடு. நாலு வீட்ல சோறு போடுவாங்க" என்றார். மறைப்பானேன், அதுவும் ஒரு வழி என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்கு முன்னால் ஒரு நாய்க் காப்பகத்துக்கு போன் போட்டேன். எடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. இங்கே வருவதெல்லாம் வண்டியில் அடிபட்டது, பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி தொற்று நோய் வந்தது; ஒன்பது வருஷம் வீட்டுக்குள் தூங்கின நாயை இதற்கு நடுவில் விட்டால் நோயில் தப்பினாலும் ஏக்கத்தில் தப்பாது என்று பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிற அக்காவின் நம்பரைக் கொடுத்தார்.

அக்கா, நீங்கள் எனக்கு முதலில் கொடுத்தது திட்டுத்தான். தெருவில் விடலாமா என்று நான் இழுத்ததும், "ஒன்பது வயசு நாய் புதுசா தெருவுக்குப் போனா அங்க இருக்கிற நாய்ங்க முதல் ராத்திரியே கடிச்சுக் குதறிடும். உங்க அப்பாவோட நாயை அதுக்குத்தான் விடப் போறீங்களா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்பா செத்துப் பதினாறு நாள் ஆனவனிடம் பேசுகிற பேச்சா என்று நினைத்தேன். நீங்கள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. அடுத்த மூச்சில் கேள்விகள் வந்தன. கருத்தடை ஆனதா? கடைசி ரேபிஸ் ஊசி எப்போது? பூனையோடு எப்படி? குழந்தைகளோடு? பட்டாசுச் சத்தத்துக்கு ஓடுமா?

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் சமையலறைச் சுவரில் இருந்தது. அப்பா பழைய மாதக் காலண்டர்களைத் தூக்கிப் போடாமல் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். சிவப்பு மையில் பொடி எழுத்து. 'டி. ரேபிஸ் ஊசி.' 'டி. பூச்சி மருந்து.' 'டி. நைன் இன் ஒன் ஊசி.' 'டி. கருத்தடை, தையல் நாளை பார்க்கணும்.' நடுநடுவே, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, 'பையன் போன்'. இரண்டையும் எண்ணிப் பார்த்திருந்தால் டிக்கெட்டின் ஊசிதான் ஜெயித்திருக்கும். நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். "உங்க அப்பா பாதி வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கார்" என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதேன்.

அப்பா இதில் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் சின்ன வயசில் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, தெருவுக்குள் கார்ப்பரேஷன் நாய் வண்டி வரும். பிடித்துப் போன நாய் திரும்பி வராது. அவர் சோறு போட்ட ஒன்றும் அப்படிப் போனது. கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே அந்த வேலையை ஆரம்பித்துவிட்டது. கார்ப்பரேஷன் அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். "முப்பத்திரண்டு வருஷம் லேட். நம்ம பாசஞ்சர் வண்டி தேவலாம்" என்பார் அப்பா. டிக்கெட்டின் காதில் இருக்கும் சின்ன வெட்டை யாராவது பார்த்து, காது கிழிந்திருக்கிறதே என்றால், அது கருத்தடை ஆனதற்கு அடையாளம் என்று ஆரம்பித்து 1964 வரைக்கும் போய்த்தான் நிறுத்துவார்.

சரி, ஆட்டோ அண்ணனுக்கு வருகிறேன். சாப்பிடாமல் கிடந்தவளை டாக்டரிடம் காட்டச் சொன்னார் அக்கா. நாய் என்றதும் மூன்று வாடகை வண்டிகள் கேன்சல் செய்துவிட்டுப் போயின. நாலாவதாக நீங்கள் வந்தீர்கள், அண்ணே. சீட்டின் மேல் பழைய பெட்ஷீட் விரித்து, பக்கத்துத் திரையை இறக்கிக் கட்டி, "கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீங்க தம்பி, மார்பைச் சுத்திக் கையைப் போட்டுப் பிடிங்க" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். தாம்பரத்திலிருந்து வேப்பேரி வரை ஒரு பள்ளத்திலும் வண்டியைத் தூக்கிப் போடவில்லை. நாலு மணி நேரம் வெளியே காத்திருந்ததற்குக் காசு நீட்டியபோது, போகவர மீட்டருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அவ்வளவு பழைய இடத்தில் அவ்வளவு சின்ன டாக்டரை நான் எதிர்பார்க்கவில்லை. மேஜைமேல் ஏற மாட்டேன் என்று டிக்கெட் அடம்பிடித்ததும், அந்தப் பெண் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு. அப்பா நினைப்பில் கிடக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் அடிக்கோடு போட்டுத் தந்தாள். துக்கம் என்று எண்ணி அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். நன்றி அம்மா.

போட்டோ எடுத்த தம்பி, நீ காலேஜ் முடித்து நேராக வந்தாய். பையிலிருந்து பிஸ்கட்டுக்கு முன்னால் ஒரு ஈரத்துணிதான் வந்தது. முதலில் அவள் கண் ஓரத்தைத் துடைத்தாய். கறுப்பு நாயை நிழலில் எடுத்தால் முகமே தெரியாது, அதனால்தான் கறுப்பு நாய்களுக்கு வீடு கிடைக்க நாளாகிறது என்று சொல்லிக்கொண்டே மொட்டைமாடியில் வெயில் சாய்வதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தாய். போஸ்டரில் 'பாவம்', 'அநாதை' என்றெல்லாம் எழுத வேண்டாம் என்றாய். 'ஒன்பது வயது. ரயில் சத்தத்துக்குப் பயப்பட மாட்டாள். இட்லி பிடிக்கும்' என்று எழுதினாய்.

பதினேழு பேர் கூப்பிட்டார்கள். லேப்ரடார் இருக்கிறதா என்று ஆறு பேர். ஆண் நாய் இல்லையா என்று நாலு பேர். குட்டி வேண்டும் என்று சிலர். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவர் மட்டும் உடனே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். காவலுக்கு, பம்ப் செட் ரூம் பக்கத்தில் கட்டிப் போடுவோம், ராத்திரி ஆள் இருக்காது என்றும் சொன்னார். எனக்கு விமானத்துக்கு ஆறு நாள்தான் பாக்கி. கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல, முடியாது என்று நீங்கள் சொல்ல, அக்கா, அன்றைக்கு உங்களை என்ன பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாமல் செல்போனை வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "சேலையூர்ல ஒரு டீச்சர் வீட்ல ஃபாஸ்டருக்கு, அதாவது நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும் வெச்சுக்க, ஒத்துக்கிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பீர்கள் என்று பிறகு டீச்சர் அம்மா சொல்லித்தான் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் அம்மா, சார். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய், நாலு பூனை. சார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே டிக்கெட்டுக்குப் பாய் விரித்தார். நான் விமானம் ஏறிய பிறகு மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. மாத்திரை வேறு வெறும் வயிற்றில் கொடுக்க முடியாது. சோறு, தயிர், ஈரல், ஒன்றும் நடக்கவில்லை. "அப்பா எப்படித்தான் போடுவார்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஞாபகம் வந்தது. அட்டை டிக்கெட் காலத்தில் தேதி அடிக்கிற சின்ன மிஷின் ஒன்று இருக்கும். டிக்கெட்டைச் சொருகினால் டக், திருப்பிச் சொருகினால் டக். அப்பா அந்தப் பழக்கத்தில் தட்டின் விளிம்பில் கரண்டியால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் சோறு வைப்பார். எங்களுக்கும் அப்படித்தான் வைத்தார். நீங்கள் வீடியோ காலை அணைக்காமல் எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து தட்டினீர்கள். டக், டக். பாயிலிருந்து ஒரு காது எழுந்தது. வெட்டு இருக்கிற காது. பிறகு அவள் மெதுவாக எழுந்து வந்து, தட்டை முகர்ந்து, சாப்பிட்டாள். அவள் வாயிலிருந்து பருக்கை சிதறுவதை மஸ்கட்டில் நாலு பேர் ஒரு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். அதில் இரண்டு பேருக்கு நாய் என்றாலே ஆகாது.

நாலு மாதம் வைத்திருந்தீர்கள். செலவுக்கு நான் அனுப்பிய பணத்தில் மீந்ததற்குக் கணக்கு எழுதி, வேறொரு குட்டியின் பார்வோ சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டீர்கள். இதற்கெல்லாமா அனுமதி கேட்பார்கள்?

சிஸ்டர், உங்களைப் பற்றி நிறைய எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, சிட்லபாக்கத்தில் தனியாக இருக்கிறவர். குட்டி வேண்டாம், என் வயசுக்கு ஓடியாட முடியாது, வயசான நாய்தான் வேண்டும் என்று நீங்களாகக் கேட்டீர்களாம். அப்படியும் அக்கா விடவில்லை. வீட்டைப் பார்த்து, கேட் உயரத்தைப் பார்த்து, உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டு, அண்ணன் மகனை வரவழைத்து அவரிடமும் கையெழுத்து வாங்கினார். அன்றைய போட்டோவைப் பார்த்தேன். பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். டிக்கெட் உங்கள் பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய காலண்டர் படமும் வந்தது. நீல மை. 'டி. ரேபிஸ் ஊசி போட்டாச்சு.'

தைக்கு லீவு கிடைத்திருக்கிறது. என்ன வாங்கி வர என்று கேட்டதற்கு, பேரீச்சம்பழமெல்லாம் வேண்டாம், பழைய பெட்ஷீட், பழைய துண்டு இருந்தால் கொண்டு வாருங்கள், குட்டிகளுக்குப் போதவில்லை என்றீர்கள், அக்கா. தங்கை அக்கம்பக்கத்தில் கேட்டு இதுவரை பதினொரு பெட்ஷீட் சேர்த்து வைத்திருக்கிறாள். அப்பாவின் வேட்டி நாலும் அந்த மூட்டையில் இருக்கிறது. துவைத்துத் துவைத்து நன்றாக மெத்தென்று ஆகிவிட்ட துணி.

பேரீச்சம்பழமும் வரும்.

அன்புடன்,
டிக்கெட் அப்பாவின் மகன்