நீ சொல்லாமல் விட்டது

கண்ணா,

போன வாரம் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாய், இரண்டு மாதம் முன்பு வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்று. கட்டுப் போட்டுப் பிரித்தும் ஆகிவிட்டதாம். "ஏன்டா சொல்லல?" என்றேன். "நீ பயந்துடுவேம்மா" என்றாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் பன்னிரண்டாவது வயது ஞாபகத்துக்கு வந்தது. சைக்கிளே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நீ சிநேகிதனுடைய சைக்கிளில் எனக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டாய். முழங்கால் காயத்தை மறைக்க வெயிலிலும் முழுக்கால் சட்டையோடு திரிந்தாய். சீழ் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடனே அழுதேன், கத்தினேன், இனிமேல் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். நீதான் என் கண்ணைத் துடைத்து, "வலிக்கவே இல்லம்மா" என்றாய். அடிபட்டது உனக்கு, ஆறுதல் எனக்கு.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, என் பயத்திலிருந்து என்னைக் காப்பாற்றும் வேலையைச் சின்னப் பையன் தலையில் கட்டியிருக்கிறேன்.

நீச்சல் வேண்டாம், சுற்றுலா வேண்டாம், தனியாக பஸ் வேண்டாம். ஒவ்வொரு முறை தடுத்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. போயிருந்தால் சமாளித்திருப்பாய் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உனக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. அதனால் அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வந்து நின்றது.

காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்வேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தார். 1971-ல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். பெற்றோர்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் சாலையில் ஓடும் வண்டிகள். நியாயமான பயம்தான். ஆனால் நான் உனக்குச் சாலையைக் கடக்கச் சொல்லித் தந்திருக்க வேண்டும், கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் படித்தேன். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர், பதற்ற நோய் உள்ள 124 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நேரடியாகச் சிகிச்சை தந்தார்கள், மற்றப் பகுதியில் பிள்ளைக்குச் சிகிச்சை தராமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். பிள்ளையின் பயத்துக்கு வளைந்து கொடுக்காமல், உன்னால் முடியும் என்று பக்கத்தில் நிற்கும் பயிற்சி. பிள்ளைகளுக்கே நேரடியாகச் சிகிச்சை தந்ததற்கு ஈடாகப் பலன் கிடைத்ததாம். அப்பா, அம்மா மாறினாலே பிள்ளைக்குப் பாதி சுமை இறங்கும் போலிருக்கிறது. உனக்கு இருபத்தேழு வயது, தாமதம்தான். இருந்தாலும் நான் தொடங்குகிறேன்.

சரி, இனி "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று கேட்கமாட்டேன். மலையேற்றத்துக்குப் போகட்டுமா என்று கேட்டாயே, அதற்கு என் அனுமதி தேவையில்லை. போய்வந்து படம் அனுப்பு. அப்புறம், அடிபட்டால் அன்றைக்கே சொல். நான் அழலாம். அழுதால் என்னைத் தேற்றாதே, அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

மணிக்கட்டு இப்போது வலிக்கிறதா? எந்தக் கை என்றுகூட நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

அம்மா