செயலாளரின் ஆண்டறிக்கை: 2023 ஜூலை – 2024 ஜூன்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது கூட்டங்கள் கூடினோம். பத்தாவது ஜனவரியில் நடந்திருக்க வேண்டும். 15-ஆம் தேதி பெலால் புயலில் நம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் தெருக்கள் வெள்ளத்தில் கிடந்தன, ஒத்திவைத்தோம். அதற்குள் தைப்பூசம் வந்துவிட, காவடி வேலையில் கூட்டத்தை மறந்தே போனோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நவம்பர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘லிச்சியும் பழந்தின்னி வௌவாலும்’ என்று அழைப்பில் போட்டதுதான் தாமதம், கோவில் மண்டபத்துப் பின்னறையில் நாற்காலி போதவில்லை. வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்த கதையாக, நீயும் நில் நானும் நிற்கிறேன் என்று ஆயிற்று. பேச்சு பாதிக்குமேல் நம் தீவுப் பேச்சுமொழியான கிரியோலில். வௌவாலை ‘சோவ்சூரி’ என்று கிரியோலில் சொல்லித் திட்டினால்தான் சிலருக்குக் கோபம் ஆறுகிறது. குறிப்பேட்டில் தமிழில் எழுதும்போது சுடுசொற்களை நானே விட்டுவிட்டேன்.

தோட்டம் வைத்திருப்பவர்களின் குறை பொய்யல்ல. வீட்டுக்கு ஒரு மரம்தான். பழம் சிவக்கும் வாரத்தில் ஒரே இரவில் பாதி தரையில் கிடக்கிறது. ‘அரசாங்கமே சுட்டதே, நாம் ஏன் தயங்க வேண்டும்?’ என்றார் ஒரு மூத்த உறுப்பினர். சுட்டது உண்மை. 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலுமாகச் சுமார் 38,000 வௌவால்கள் கொல்லப்பட்டன. 2018-இல் மறுபடியும் அனுமதி தந்தார்கள். அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை ‘அழியும் நிலை’ப் பட்டியலுக்கு நகர்த்தியது. ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி போடும் பிராணி அது. இத்தனைக்குப் பிறகும் லிச்சிச் சண்டை அப்படியே இருக்கிறது என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை, அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

என் கருத்தையும் மறைக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள பூர்வீகக் காடு இத்தீவில் இரண்டு சதவீதம்கூட இல்லை. காட்டில் பழம் இல்லாததால் வௌவால் நம் கொல்லைக்கு வருகிறது. இருக்கிற காட்டுக்கோ விதை தூவுகிறவர்களில் முக்கியமானது அதுதான்.

பிராணிகள் பழம் தின்று விதை தூவுவதைச் சொல்லி நம்பாதவர்கள் மே மாதச் சுற்றுலாவில் நேரில் பார்த்தார்கள். மாஹேபூர் பக்கம் புவாந்த் ஜெரோமில் படகேறி ஈல் ஓ செக்ரெத் போனோம். 26 ஹெக்டேர் பவளப்பாறைத் தீவு. முன்பு கருங்காலியை வெட்டித் தீர்த்தார்கள். நம் தீவின் ராட்சத ஆமைகளையும் தின்று தீர்த்தார்கள். இப்போது செய்ஷெல்ஸின் அல்தாப்ரா தீவிலிருந்து வந்த ஆமையினம் அங்கே உலவுகிறது. கருங்காலிப் பழத்தை விழுங்கிவிட்டு, தாய்மரத்துக்கு அப்பால் எங்கோ போய்ச் சாணம் போடுகிறது. அங்கே கன்று முளைக்கிறது. சாணத்தைக் குனிந்து பார்த்தபடி அந்த மூத்த உறுப்பினர் வெகுநேரம் நின்றார். திரும்பும் பேருந்தில் வௌவால் பேச்சை அவர் எடுக்கவில்லை. நம் தீவுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறாவைப் பார்த்த பெருமைதான் வழியெல்லாம்.

கொய்யா பற்றிய ஜூன் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பிரேசிலிலிருந்து வந்த சிறுகொய்யாதான் காட்டை நெரிக்கிறது என்று பேசினோம். பேசிக்கொண்டே, உறுப்பினர் ஒருவர் ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலத்தில் பறித்து வந்ததை உப்பு மிளகாய் தொட்டுத் தின்றோம். நானும்தான்.

வௌவாலைக் கொல்லக் கோரும் மனுவில் சங்கம் கையெழுத்திடாது என்று பெரும்பான்மையோர் கைதூக்கி முடிவாயிற்று. பதிலுக்கு, மரம் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குச் சங்கச் செலவில் வலை வாங்கி இரவல் கொடுத்தோம். விரல் நுழையாத சிறு கண்ணுள்ள வலை. மரத்தின்மேல் இழுத்துக் கட்ட வேண்டும். தொளதொளவென்று போட்டால் வௌவால் சிக்கிச் சாகும்.

கொடுத்த வலைகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அடுத்த லிச்சி காய்ப்பதற்குள் மண்டபத்தில் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்