மகோமே மலைப்பாதையில் கைகொடுத்த அம்மாவுக்கு

டோக்கியோ, கனசாவா, தகயாமா, கியோட்டோ என்று நானும் மனைவியும் 24 நாள் ஜப்பானைச் சுற்றிவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் எத்தனையோ பேர் உதவினார்கள். ஒருவருக்கு மட்டும் சரியாக நன்றி சொல்லாமல் வந்துவிட்டோம்.

மகோமே என்ற மலைக் கிராமத்திலிருந்து அடுத்த ஊரான த்சுமாகோவுக்கு நடைபாதை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மக்கள் கியோட்டோவுக்குப் போய்வந்த நகாசெண்டோ மலைவழியின் ஒரு துண்டு அது. கரடியை விரட்ட அங்கங்கே மணி கட்டியிருக்கும். அப்படி ஒரு மணியைத் தாண்டியதும், ஈரக் கல்லில் வழுக்கி மனைவிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

எதிரே வந்த வயதான அம்மா ஒருவர் எதுவும் கேட்காமல் தரையில் மண்டியிட்டு, ஷூவைக் கழற்றி, தன் பையிலிருந்த மருந்துப் பட்டையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி ஒட்டினார். அப்புறம் தன் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, தாம் போகவேண்டிய பக்கத்தை விட்டு எங்களோடு த்சுமாகோ வரை திரும்பி நடந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல்! நகிசோ ரயில் நிலையத்துக்குப் பேருந்து ஏற்றிவிட்டு, அது கிளம்பும்வரை நின்றார். கோலை நீட்டினோம், வாங்கவே இல்லை.

அம்மா, கால் நன்றாக ஆகிவிட்டது. உங்கள் கோல் எங்கள் வாசல் கதவோரம் பத்திரமாக இருக்கிறது. ரொம்ப நன்றி.